பெட்டியை அக்காவே கட்டட்டும்

மாடி வீட்டுக்காரி சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். துணி உலர்த்த வந்தவள் போகிறபோக்கில் போட்டுவிட்டுப் போனாள். அது சின்னவளின் காதுக்குள் புகுந்து, இரண்டு நாளாக வெளியே போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது.

"ஞாயித்துக்கிழமை நீ போன் பண்றப்பல்லாம் உங்க அக்கா எடுக்கவே மாட்டாளே. போனைக் கவுத்துப் போட்டுட்டு மிஷின்ல உக்காந்துடுவா. நானே கண்ணால பாத்திருக்கேன்."

அன்றைக்கே அக்காவிடம் போய் முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். சின்னவள் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் அழுகை வரும். அக்கா அழுதால் தன் மனசு இளகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்தே அவளுடைய கோபம் எல்லாம் அந்த இடத்தில்தான் வழுக்கி விழுந்திருக்கிறது. இந்தத் தடவை வழுக்குவதாக இல்லை.

நாலு வருடத்துக்கு முன்னால், லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவன் ஒரு மழைநாளில் வீடு திரும்பாமலே போன பிறகு, நாலு வயசு மகளை அக்காவின் இடுப்பில் ஏற்றிவிட்டு ரயில் ஏறியவள் அவள். மாலையில் ஏறினால் மறுநாள் காலையில் இறங்கவேண்டிய தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் சலவைக்கூடத்தில் வேலை. ரத்தமும் மருந்தும் தோய்ந்து வருகிற விரிப்புகள் ஒரு பக்கம் உள்ளே போகும். மறுபக்கம் வெந்நீர் ஆவியோடு வெளுப்பாக வெளியே வரும். நடுவில் நிற்பவர்களின் முகம்தான் வெளுக்காது.

பிரிவைத் தாங்குவதற்கு, அவள் தங்கியிருந்த விடுதியில் ஆளுக்கொரு வழி இருந்தது. பக்கத்துக் கட்டில்காரி போனில் சினிமாவாகப் பார்த்துத் தள்ளுவாள். எதிர்க் கட்டில்காரி தினமும் யாருடனாவது சண்டை பிடிப்பாள். சண்டை இல்லாத நாளில் அவளுக்குத் தூக்கம் வராது. சின்னவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வழி. திங்களிலிருந்து சனி வரை, துணி தேய்க்கும் சூடான உருளைக்குள் தலையணை உறைகளைச் சொருகிக்கொண்டே, மகளிடம் என்ன சொல்லவேண்டும் என்று மனசுக்குள் பேசிப் பேசிப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, தலைவாரி, இருப்பதில் நல்லதாக ஒன்றை உடுத்திக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற மாடிப்படித் திருப்பத்தில் போய் உட்காருவாள். யாரோ பெண் பார்க்க வருகிற மாதிரி இருக்கும்.

முதல் இரண்டு வருடம் மகள் பேசினாள். பிறகு பேச்சு நின்றது.

"இப்பத்தான்டி தூங்கினா."

"விளையாடப் போயிருக்கா."

"வயித்து வலின்னு படுத்திருக்கா. எழுப்ப வேணாம்னு பாக்கறேன்."

பாதி நாள் இந்தப் பதிலும் கிடையாது. மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடும். அப்போதெல்லாம் அவள் மாடிப்படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அறைக்குப் போய், ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்த தன் சீருடையை எடுத்து மறுபடியும் தேய்ப்பாள்.

ஒரு குழந்தை இவ்வளவு தூங்குமா என்று ஒரு நாள்கூடச் சந்தேகப்படாமல் இருந்ததற்கு, இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

லீவில் வந்து பத்து நாளாகிறது. மகள் ஒட்டவில்லை. அந்தப் பெண்ணுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். உருவம் சிறுசு, காரம் பெருசு என்று அக்கா புருஷன் வைத்தது. ஊருக்கெல்லாம் வாயாடுகிற மிளகு, பெற்றவளிடம் மட்டும் மூன்றே சொல் வைத்திருந்தாள்: சரி, வேணாம், தெரியல. சின்னவள் பார்சலில் அனுப்பிய மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, "பெரியம்மா வாங்கித் தந்தது" என்று எதிர் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததை அவளே காதாரக் கேட்டாள்.

எல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்த பாடம். வேறு என்னவாக இருக்க முடியும்?

சின்னவள் கைவசம் ஒரு செய்தி இருந்தது. போன மாதம் அவளை ஷிப்ட் மேற்பார்வைக்கு உயர்த்தியிருந்தார்கள். அதோடு ஆஸ்பத்திரி வளாகத்திலேயே இரண்டு அறை உள்ள வீடு. வளாகத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடமும் உண்டு. ஆனால் சேர்க்கை அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஒருநாள்தான். தவறினால் அடுத்த வருடம். இதை எல்லாம் அக்காவிடம் சொல்லி, அவள் சம்மதத்தோடு, அவளும் நாலு நாள் கூட வந்து இருந்துவிட்டுப் போகிற மாதிரி மிளகைக் கூட்டிப்போகவேண்டும் என்றுதான் ரயிலில் வரும்போது நினைத்திருந்தாள்.

இப்போது அந்த நினைப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டாயிற்று. அக்காவிடம் அவள் சொன்னது வேறு. "ஸ்கூல்தான் ஒரு வாரம் லீவாச்சே. நான் இருக்கற இடத்தைக் காமிச்சுட்டு, நானே கொண்டுவந்து விடறேன்."

விடப்போவதில்லை. போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு தகவல் மட்டும் அனுப்புவாள்: இனி அவள் இங்கேதான். அப்புறம் அக்காவின் அழைப்பு வரும். வரட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அடிக்கட்டும், எடுக்காத மணியோசையைக் காதில் வைத்துக்கொண்டு அவளும் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இன்றைக்கு மாலை ரயில்.

"அக்கா, பெட்டியை நீயே கட்டிக் குடேன்" என்றாள் சின்னவள், டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே. "அவ துணி எது எங்க இருக்குன்னு எனக்கு என்ன தெரியும்."

சொல்லும்போதே நாக்கில் ஒரு தித்திப்பு. பறிகொடுக்கப் போகிறவள் கையாலேயே மூட்டை கட்ட வைப்பது.

அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். ஒரு தெருவே அவள் வெட்டிய காலரைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறது. வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அவற்றோடேயே பேசுவாள், சிரிப்பாள், திட்டுவாள். இன்றைக்கும் மிஷினில் சாம்பல் நிறத் துணி ஒன்று பாதி தைத்தபடி கிடந்தது. லீவு முடிந்து அடுத்த வெள்ளிக்கிழமை மாலை பள்ளியில் நாடகம். மிளகு அதில் மேகம்.

"அதுக்கென்ன, கட்டிட்டாப் போச்சு" என்று குண்டூசிகளை டப்பாவில் துப்பிவிட்டு, அக்கா பெட்டியைத் திறந்து தரையில் உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் மிளகு வசனம் பழகிக்கொண்டிருந்தாள். "நான் பெய்ய மாட்டேன். யார் வந்து கூப்பிட்டாலும் பெய்ய மாட்டேன்."

"எத்தனை கவுன் வைக்க?"

"எல்லாத்தையும் வை. அங்க துவைக்க நேரம் இருக்காது."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "சலவைக்கூடத்துல வேலை பாக்கறவ, துவைக்க நேரமில்லன்னு சொல்றே."

"அடுத்தவங்க துணியைத் துவைக்கத்தான் அங்க நேரம்."

அக்கா சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு பல்லோடு நின்றது.

"ஸ்வெட்டர் எதுக்குடி? இப்ப என்ன குளிரா?"

"ஆஸ்பத்திரி வளாகம். மரம் ஜாஸ்தி. ராத்திரி குளிரும். வை."

"சரி. கணக்குப் புத்தகம் வைக்கறேன். லீவுல ஒரு பக்கமாவது போடட்டும்."

"எல்லாப் புத்தகமும் வை."

"எல்லாமா?"

"எதைப் படிக்கத் தோணும்னு யாருக்குத் தெரியும்."

அக்கா புத்தகங்களை அடுக்கினாள். பெரியது அடியில், சின்னது மேலே. ஓரங்கள் மடங்காமல் நடுவில் ஒரு துண்டை மடித்து வைத்தாள். சின்னவள் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை எரிந்ததற்கு இது ஈடு.

அலமாரியின் அடித்தட்டில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. புது ஷூ. தள்ளுபடியில் வந்ததென்று அக்கா முன்கூட்டியே வாங்கி வைத்தது. மிளகின் காலுக்கு இரண்டு விரற்கடை பெரிசு.

"அதையும் வை" என்றாள் சின்னவள்.

"இதா? இது அவளுக்கு அடுத்த வருஷத்துக்கு—"

அக்காவின் கை நின்றது.

வெளியே மேகம், பெய்ய மாட்டேன் என்று இன்னொரு தடவை அடம்பிடித்தது.

அக்கா ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே பெட்டியைப் பார்த்தாள். ஸ்வெட்டரைப் பார்த்தாள். புத்தகங்களைப் பார்த்தாள். கடைசியில் தங்கையைப் பார்த்தாள்.

"நீ கொண்டுவந்து விடப் போறதில்ல."

"இல்ல."

"எப்ப முடிவு பண்ணினே?"

"முந்தாநாள்."

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"அங்க போய்ச் சொல்லிக்கறேன்."

"மாமாவுக்கு?"

"நீ சொல்லு."

இந்த இடத்தில் அக்கா அழுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். அழுதால் என்ன சொல்லவேண்டும் என்று உருப்போட்டும் வைத்திருந்தாள். அக்கா அழவில்லை. காலுறையை உருட்டி ஷூவுக்குள் திணித்து, ஷூவைக் காகிதத்தில் சுற்றி, பெட்டியின் மூலையில் வைத்தாள். அவ்வளவுதான். உருப்போட்டது வீணாகிவிடக் கூடாதே என்று சின்னவளே ஆரம்பித்தாள்.

"எப்படி இருக்கு அக்கா? வலிக்குதா?"

"எதுக்கு இப்படிப் பேசறே?"

"ஞாயித்துக்கிழமை போன் அடிக்கறப்ப கவுத்துப் போட்டியே, அப்ப எனக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாத்தியா? தூங்கறா, தூங்கறான்னு ரெண்டு வருஷம். நான் அங்க படிக்கட்டுல உக்காந்து அந்த போனையே பாத்துட்டு இருப்பேன். வாரம் முழுக்க ஆவியில வெந்துட்டு, அந்த அஞ்சு நிமிஷத்துக்காகத்தான் மூச்சு விட்டுட்டு இருந்தேன். அதையும் புடுங்கிட்டே. உனக்குப் பிள்ளை ஆசைன்னா கேட்டிருக்கலாம். திருடியிருக்க வேணாம்."

கடைசிச் சொல் போய்த் தைத்த இடம் தெரிந்தது. அக்காவின் உதடு ஒரு தரம் இழுத்துக்கொண்டது.

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன. போட்டியா இல்லையா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். முற்றத்தில் மிளகு ஒரு பழைய துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அக்கா அவளையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அப்புறம் மூடிக்கொண்டாள்.

"கவுத்துப் போட்டேன். ஆமா" என்றாள்.

அதற்குமேல் ஒரு சமாதானம் இல்லை, ஒரு சாக்கு இல்லை. சின்னவளுக்கு அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. திருடியவள் கொஞ்சமாவது நடுங்கவேண்டாமா?

அக்கா எழுந்து, பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றி, ஜிப்பை இழுத்து மூடினாள். "மண்ணுல ஆடிட்டு இருக்கா. கை கால் கழுவி விடறேன்" என்று முற்றத்துக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

மிளகு உள்ளே வந்தபோது தலை வாரி, முகம் துடைத்து, மஞ்சள் மழைக்கோட்டைக் கையில் மடித்து வைத்திருந்தாள். பெற்றவள் அதை வாங்க நீட்டிய கையைக் கவனிக்காத மாதிரி கடந்து போனாள்.

அக்கா வாசல் வரைதான் வந்தாள். மிளகின் தோளை ஒரு தரம் பிடித்து விட்டாள்.

மாமா ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுபவர். வேலை முடிந்து வந்த வேனிலேயே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வேன் முழுக்க வெந்த மாவு வாசனை. மிளகு முன் சீட்டில் பெரியப்பாவுக்கும் கதவுக்கும் நடுவே உட்கார்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் அவருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தாள். இருபது வருடம் அந்தத் தெருக்களில் வண்டி ஓட்டியவர், "அப்படியா, சரிங்க மேடம்" என்று திரும்பினார்.

அவருக்கு இன்னும் தெரியாது. சின்னவள் பின் சீட்டில் காலியான தட்டுகளுக்கு நடுவில் பெட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு வாரம் எப்படிப் போகப் போகுதோ" என்றார் மாமா, கண்ணாடியில் அவளைப் பார்த்து. "இந்த வாயாடி இல்லாட்டி வீட்டுல மிஷின் சத்தம் மட்டும்தான். உங்க அக்கா என்கிட்ட பேசற ஆளா என்ன? எனக்கும் சேர்த்து இவகிட்டதான் பேசுவா."

சின்னவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். இவர்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ஆனால் கல்லெறிகிறபோது பக்கத்தில் நிற்பவர்மேலும் இரண்டு சில்லு தெறிக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிளாட்பாரத்தில் மாமா இரண்டு பொட்டலம் பிஸ்கட்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். ரயில் நகர்ந்ததும் கூடவே நடந்தார். கொஞ்சம் ஓடவும் செய்தார். அந்தக் கனத்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டாம்.

ஸ்டேஷன் மறைந்தது. கிடங்குகள் போயின. மின்கம்பங்கள் ஓட ஆரம்பித்தன.

சின்னவள் சீட்டில் சாய்ந்து, மூச்சை இழுத்து விட்டாள். ஜெயித்தாயிற்று. இந்நேரம் அக்கா மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். பாதி தைத்த மேகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பாள். முழிக்கட்டும். இன்றைக்கு இரவு தட்டு வைக்கும்போது கை தானாக ஒரு தட்டு அதிகமாக எடுக்கும். எடுக்கட்டும். வாசல் பக்கம் ஒரு சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பாள். பார்க்கட்டும். ஒவ்வொன்றாக நினைத்து, மிட்டாய் மாதிரி வாய்க்குள் உருட்டினாள்.

எதிரே மிளகு ஜன்னலோரம் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"சாப்பிடும்மா."

"வேணாம்."

"பெரியம்மாவை விட்டுட்டு வந்தது கஷ்டமா இருக்கா?"

"தெரியல."

சின்னவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். இதுதான் சமயம். அக்கா விதைத்ததை எல்லாம் வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.

"இங்க பாரு. உனக்கு ஒண்ணு சொல்லணும். நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உனக்கு போன் பண்ணினேன். ஒரு வாரம்கூட விட்டதில்ல. உனக்குத் தெரியாது. பெரியம்மா எடுக்கல. உன்கிட்ட குடுக்கல. அம்மா உன்னை மறந்துட்டான்னு நீ நினைச்சிருப்பே. அது—"

"தெரியுமே" என்றாள் மிளகு.

"என்ன தெரியும்?"

"நீ போன் பண்ணுவேன்னு. ஞாயித்துக்கிழமை காலையில. தெரியும்."

பத்து நாளில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது. சின்னவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தெரிஞ்சா ஏன் பேசல?"

மிளகு பிஸ்கட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "நான்தான் மாட்டேன்னு சொன்னேன்."

ரயில் ஒரு பாலத்தில் ஏறித் தடதடவென்று இரைந்தது. அது முடிகிற வரைக்கும் மிளகு காத்திருந்தாள். அவசரமே இல்லாமல்.

"ஆறாவது பொறந்த நாளைக்கு வரேன்னு சொன்னே. பெரியம்மா புதுக் கவுன் தைச்சுக் குடுத்தாங்க. ஸ்கூல் விட்டு வந்ததுலேர்ந்து கேட்டுலயே நின்னேன். எல்லாப் பிள்ளைங்களும் வந்து, கேக் தின்னுட்டுப் போயிட்டாங்க. நான் உள்ளயே போகல. இருட்டினப்பறம் பெரியப்பாதான் தூக்கிட்டுப் போனாங்க."

சின்னவளுக்கு அந்த நாள் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரிந்த அந்த நாள் வேறு. ஆஸ்பத்திரி முழுக்கக் காய்ச்சல் நோயாளிகள். நடைபாதையில் எல்லாம் படுக்கை. யாருக்கும் லீவு கிடையாது என்று ஒரே இரவில் உத்தரவு. மலைமலையாகக் குவிந்த விரிப்புகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, மகளுக்குப் பிறந்தநாள் என்று நினைத்து நினைத்து அழுதது. வர முடியாதென்று அன்றைக்கு ராத்திரி அக்காவுக்குத் தகவல் சொன்னதோடு அது முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடும் என்று.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில யாரையும் விடலம்மா. காய்ச்சல் பரவி—"

"தெரியும். பெரியம்மா சொன்னாங்க."

"அப்பறம் என்ன?"

"அப்பறமும் எனக்குக் கோவம்."

சின்னவள் ஜன்னல் விளிம்பிலிருந்த பிஸ்கட்டை எடுத்துப் பொட்டலத்தில் திரும்ப வைத்தாள்.

"நீ போன் பண்ணா நான் கத்துவேன். தட்டைத் தூக்கிப் போடுவேன். ஒரு வார்த்தை பேசுடி, ஒரே ஒரு வார்த்தைன்னு பெரியம்மா கெஞ்சுவாங்க. ஒரு தடவை போனைத் தண்ணி வாளியில போட்டுட்டேன். அதுக்கப்பறம்தான் கவுத்துப் போடுவாங்க. மணி அடிக்கறது எனக்குக் கேக்கக் கூடாதுன்னு."

"எனக்கு ஏன் சொல்லல? பெரியம்மா ஏன் தூங்கறான்னு சொன்னாங்க?"

"நான் சொல்லுங்கன்னுதான் சொன்னேன். உனக்குத் தெரியணும்னுதானே பேசாம இருந்தேன். பெரியம்மாதான் வேணாம்னுட்டாங்க. உங்கம்மா அங்க தனியா இருக்கா, இது தெரிஞ்சா அவளால வேலை பாக்க முடியாதுன்னாங்க."

மழைக்கோட்டை மடியில் நீவிக்கொண்டே, ஒன்று விட்டுப்போனது போல மிளகு தொடர்ந்தாள். "இதுகூட நீ அனுப்பினதுன்னு தெரியும். அதனாலதான் பெரியம்மா வாங்கினதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

சின்னவள் மகளைப் பார்த்தாள். எட்டு வயசு. முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. இரண்டு வருடமாக, வாரம் தவறாமல், சலிக்காமல் ஒரு பகையை வளர்த்து வந்திருக்கிறாள். வளர்த்ததற்குப் பலன் கிடைக்கவில்லையே என்பதுதான் அவளுக்கு வருத்தம். தன் வயிற்றில் பிறந்தது தன்னைப் போலத்தான் இருக்கிறது. சந்தேகமே வேண்டாம்.

கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. திருடியிருக்க வேணாம் என்று சொன்னாளே. அதையும் அக்கா வாங்கிக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, ஆமா என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாளே. பிள்ளையைக் காட்டிக்கொடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

"இவ்வளவு கோவம் இருக்கறவ, என்கூட வர எப்படி ஒத்துக்கிட்டே?"

"ஒத்துக்கல. காலையில வர மாட்டேன்னுதான் சொன்னேன். அப்பறம் கால் கழுவி விடறப்ப பெரியம்மா சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"உங்கம்மாவுக்கு ஒரே ஒரு தடவை சான்ஸ் குடு. வெள்ளிக்கிழமை நாடகத்துக்குக் கட்டாயம் கூட்டிட்டு வந்துடுவா. இந்தத் தடவை சொன்ன சொல்லைக் காப்பாத்துவா. காப்பாத்தலன்னா, அப்பறம் ஆயுசு முழுக்க நீ அவகூடப் பேச வேணாம், நான் ஏன்னு கேக்க மாட்டேன்னு சொன்னாங்க."

"கால் கழுவறப்பவா?" சின்னவள் மெதுவாகக் கேட்டாள். "பெட்டி கட்டி முடிச்ச பிறகா?"

"ம்."

தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். ஷூவைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, நேரே குழாயடிக்குப் போய், தங்கை திரும்பி வரப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்துகொண்டே அந்தப் பிள்ளையின் காலைக் கழுவி இதைச் சொல்லியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை அங்கே பள்ளிக்கூடச் சேர்க்கை. வெள்ளிக்கிழமை மாலை இங்கே மேகம். அங்கே நின்றால் மகள் பக்கத்தில் இருப்பாள், பேச மாட்டாள். திரும்பி வந்தால் பேசுவாள், இடம் போய்விடும்; இன்னும் ஒரு வருடம் மாடிப்படியில் உட்காரவேண்டும்.

இது பழியா, பாசமா? சின்னவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு கோபம் கிளம்பியது. அதன் பின்னாலேயே, அக்கா என்றால் அக்காதான் என்று ஒரு மலைப்பும் வந்தது. கத்தாமல், அழாமல், இருந்த இடத்தை விட்டு அசையாமல், ஓடுகிற ரயிலுக்குள் அவளை மடக்கிப்போட்டுவிட்டாள்.

வெளியே வெயில் மஞ்சளாகச் சாய்ந்துகொண்டிருந்தது. டீக்காரர் குரல் கொடுத்தபடி கடந்து போனார்.

"வெள்ளிக்கிழமை போயிடுவோம்ல?" என்றாள் மிளகு. முதல் தடவையாக அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்து.

சின்னவள் வாயைத் திறந்தாள்.

"என்கிட்ட சொல்லாதே" என்று மிளகு கை நீட்டித் தடுத்தாள். "என்கிட்ட நீ நிறையத் தடவை சொல்லிட்டே. பெரியம்மாவுக்கு போன் போட்டு அவங்ககிட்ட சொல்லு. ஸ்பீக்கர்ல போடு. நான் கேக்கறேன்."

சின்னவள் போனை எடுத்தாள். விரல் வியர்த்திருந்ததால் திரை முதலில் திறக்கவில்லை. புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் தொட்டாள். மிளகு எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போனுக்கு நேராகத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பத்து நாளில் அவ்வளவு நெருக்கத்தில் அவள் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. கழுவிய முகத்தின் சோப்பு வாசனை அடித்தது.

ஒரே ஒரு மணிதான் அடித்தது. அதற்குள் எடுத்துவிட்டாள் அக்கா.

"சொல்லு" என்றாள்.